மைக் இருக்க வேண்டிய இடத்தில்

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். மதுரை வில்லாபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் இரண்டு அறைகளைப் பிடித்து நானும் என் நண்பனும் ரெக்கார்டிங் ஸ்டுடியோ நடத்திக்கொண்டிருந்தோம். ஓர் அறையில் கம்ப்யூட்டர், என் கீபோர்டு, ஒரு சின்ன மிக்ஸர். அடுத்த அறையில் மைக். சத்தம் வெளியே போகாமலிருக்கப் பழைய மெத்தைகளைப் பிரித்து, ஜமுக்காளத்தில் வைத்துத் தைத்து, சுவரில் அடித்திருந்தோம். ஃபேன் ஓடினால் அந்தச் சத்தமும் மைக்கில் ஏறிவிடும் என்பதால் பாடுகிறவர்கள் வேர்த்து விறுவிறுத்துத்தான் வெளியே வருவார்கள். இரண்டு அறைக்கும் நடுவில் கண்ணாடி கிடையாது. அதனால் பாடுகிறவர் எங்கே எடுக்க வேண்டும் என்று கைகாட்ட எங்களில் ஒருவர் மைக் அறைக்குள் நிற்க வேண்டும். பெரும்பாலும் அவன் நிற்பான். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே மெல்லிசைக் குழுவில் வாசித்தவர்கள். நான் கீபோர்டு, அவன் ரிதம் பேட். அவன் சௌராஷ்டிரக் குடும்பம். மகால் பக்கம் வீடு. அம்மாவோடு போனில் அவர்கள் மொழியில் பேசிக்கொண்டே இருப்பான், என் பக்கம் திரும்பும்போது மூச்சுவிடாமல் "மாப்ள, அந்த வயரை எடு" என்று மாறிவிடுவான். மாமா ஒருவருக்குச் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் இருந்தது. கடைக்கு வா என்று வருஷக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவன் போகவில்லை. தாளம்தான் அவனுக்கு எல்லாம்.

கம்ப்யூட்டரில் நாங்கள் இரண்டு ப்ரோக்ராம்கள் வைத்திருந்தோம். ஒன்று எனக்குப் பழகியது. பாட்டைப் பதியவும், குரல் ஒரு தடம், தாளம் ஒரு தடம் என்று தடம் தடமாக அடுக்கவும், கடைசியில் எல்லாவற்றையும் கலந்து எடுக்கவும் அது நன்றாக இருக்கும். தாளம் கட்ட அது ஆகாது. இன்னொன்று அவனுக்குப் பழகியது. தபலா, டோலக், டிரம்ஸ் எல்லாவற்றையும் துண்டு துண்டாக வைத்துக் கோத்து, நிஜமாக ஒருத்தர் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரியே கொண்டுவந்துவிடுவான். ஆனால் அதில் குரலைப் பதிய முடியாது. இரண்டில் ஒன்றை விட்டுவிடு என்று ஆளாளுக்குச் சண்டை போட்டோம். இரண்டு பேரும் விடவில்லை. அதனால் அவன் தாளத்தைக் கட்டி ஃபைலாக்கி என் ப்ரோக்ராமுக்குக் கொண்டுவர வேண்டும். பாடுகிறவர் கொஞ்சம் மெதுவாகப் போகலாமே என்று சொன்னால் போச்சு. மறுபடி அங்கே போய், வேகத்தை மாற்றி, ஃபைலாக்கி, இங்கே கொண்டுவந்து ஒட்ட வேண்டும். ஒரு பாட்டுக்குப் பத்துத் தடவை இப்படி நடக்கும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு இணைத்துவிடலாம் என்று கண்டுபிடித்தது அவன்தான். ப்ரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதையெல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருவான். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழில் படித்தவன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக அடிக்கோடு போட்டுப் படித்தான். கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்கிற மிடி என்பது சத்தம் இல்லை. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தி, எத்தனை நேரம் பிடித்திருந்தோம் என்கிற தகவல் மட்டும்தான். ஒரு ப்ரோக்ராமிலிருந்து அந்தத் தகவலை இன்னொன்றுக்குக் கடத்த, வயரே இல்லாமல் வயர் மாதிரி வேலை செய்கிற ஒரு குட்டி ப்ரோக்ராம் இருந்தது. அதை அவன் தேடிப் பிடித்தான். அங்கே எழும்புகிற சத்தம் மறுபடி என் ப்ரோக்ராமுக்குத் திரும்பி வரவும் ஒரு வழி இருந்தது. மூன்று வாரம் முட்டி மோதினான். சில சமயம் தகவல் போய்த் திரும்பி வந்து மறுபடி போய், ஒரே சுருதி நிற்காமல் அலறி மெஷினே உறைந்துவிடும். கம்ப்யூட்டரைக் கோத்துக் கொடுத்த கோரிப்பாளையம் கடைக்கார பாய் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, "இந்த மெஷினுக்கு இம்புட்டு வேலை தாங்காது தம்பி, துவா செஞ்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒருநாள் சாயங்காலம் நான் என் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினேன். தகவல் என் ப்ரோக்ராமுக்குள் போய், அந்த இல்லாத வயர் வழியாக அவன் ப்ரோக்ராமுக்குப் போய், அங்கே ஒரு தபலா அடி விழுந்து, அந்தச் சத்தம் என் ப்ரோக்ராமில் ஒரு தடமாக வந்து நின்றது. வேகத்தை இங்கே மாற்றினால் அங்கேயும் மாறியது. அவன் கீழே இறங்கிப் போய் இரண்டு கிளாஸ் பருத்திப்பால் வாங்கி வந்தான். இரண்டு பேரும் நின்றுகொண்டே குடித்தோம்.

இந்த ஏற்பாட்டில் கண்டிப்பான ஒரு விதி இருந்தது. என் ப்ரோக்ராமை முதலில் திறக்க வேண்டும், அவனுடையதை இரண்டாவதாக. மூடும்போது அவனுடையது முதலில். மாற்றித் திறந்தால் அவன் ப்ரோக்ராம் சவுண்ட் கார்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், என்னுடையது செவிடாகிவிடும், மைக் உள்ளே வராது. ஆரம்பத்தில் இரண்டு தடவை அப்படி ஆனது. அதை வைத்து நான் அவனைக் கேலி செய்துகொண்டே இருப்பேன். உன் ப்ரோக்ராம் ஒருநாள் நம்மைக் கவிழ்க்கப்போகுது பார் என்பேன். அவன் சிரிப்பான்.

அந்தச் சமயத்தில்தான் திருமங்கலத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். ஐம்பது வயது இருக்கும். அவர் எழுதி, அவரே மெட்டுப் போட்ட மூன்று பாட்டுகளைப் பதிய வேண்டும் என்றார். பாட்டுகளைப் பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். எங்களிடம் வருகிற பக்திப் பாட்டுகள் பெரும்பாலும் ஏதாவது சினிமா மெட்டில் உட்கார்ந்திருக்கும். இவர் பாட்டு எதிலும் உட்காரவில்லை. பாடிக் காட்டச் சொன்னோம். மேஜைமேல் கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல், வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு பாடினார். மேல் ஸ்தாயியில் அந்தக் குரல் கொஞ்சமும் மெலியாமல், ஆடாமல், கம்பி மாதிரி நின்றது. பாடி முடித்ததும் என் நண்பன் என்னைப் பார்த்தான். எவ்வளவு நாள் ஆகும் என்று டீச்சர் கேட்டார். ஒரு மாதத்துக்குள் முடித்துக்கொடுத்தால் நல்லது என்றார். காரணம் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடிக்கப் பார்க்கிறார் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

அந்த மூன்று பாட்டுக்கும் அவன் உழைத்த மாதிரி நான் உழைத்ததில்லை. இரண்டு தடவை பஸ் ஏறித் திருமங்கலம் போய், டீச்சர் வீட்டில் உட்கார்ந்து, அவர் எந்த இடத்தில் மூச்சு விடுகிறார் என்பது வரைக்கும் டேப்பில் பதிந்து வந்தான். ஒரு பாட்டின் நடுவில் அவர் தாளத்தை விட்டு ஓர் அரைக்கணம் தள்ளி எடுப்பார். நான் அதைச் சரி செய்யச் சொல்லலாம் என்றேன். அவன் கூடாது என்று சொல்லிவிட்டு, தாளத்தை அந்த இடத்தில் அவருக்காக ஒதுங்கி நிற்கிற மாதிரி கட்டினான்.

பதிவு ஒரு சனிக்கிழமை. அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குக் கரண்டை நிறுத்தி ஏதோ வேலை பார்க்கப்போகிறார்கள், ஐந்து மணிக்குத்தான் வரும் என்று தெருவில் சொல்லியிருந்தார்கள். எங்கள் யூபிஎஸ் பேட்டரி செத்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அதனால் அவன் எட்டு மணிக்கே வந்து இரண்டு ப்ரோக்ராமையும் திறந்து வைத்திருந்தான். நான் வந்து சேர ஒன்பது ஆயிற்று.

இரண்டும் சேர்ந்து ஓடும்போது மெஷின் திணறும். குரல் பதியும்போது நடுவில் நின்றுவிடக் கூடாதே என்று, அவன் தாளத்தை முன்கூட்டியே என் ப்ரோக்ராமில் ஒலியாகப் பதிந்து வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். ஒவ்வொரு தடத்துக்கும் எங்கேயிருந்து சத்தத்தை எடுக்க வேண்டும் என்று ஒரு சின்னக் கட்டத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் அவன் ப்ரோக்ராமைத் தேர்ந்தெடுத்து மூன்று பாட்டின் தாளத்தையும் பதிந்தேன். அதற்குள் பத்தரை ஆகிவிட்டது. டீச்சர் வந்து வெந்நீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குரலுக்குப் புதுத் தடம் வேண்டும். புதிதாகத் திறந்து எல்லாவற்றையும் அமைக்கச் சோம்பல்பட்டு, தாளத் தடத்தையே நகல் எடுத்துக் காலி செய்து வைத்துக்கொண்டேன். அந்தச் சின்னக் கட்டத்தை மாற்றவில்லை. மைக் என்று இருக்க வேண்டிய இடத்தில் அவன் ப்ரோக்ராமே இருந்தது.

யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. கம்ப்யூட்டர் வழியாகப் போனால் பாடுகிறவருக்குத் தன் குரலே பிந்திக் கேட்கும் என்பதால், மைக்கை மிக்ஸரிலிருந்து நேராக ஹெட்ஃபோனுக்குக் கொடுத்திருந்தோம். டீச்சருக்கு அவர் குரல் கேட்டது. எனக்கும் கேட்டது. திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கியது. அது தாளம் ஏறி இறங்கியது என்பது உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நடுவில் போட்டுக் கேட்க வேண்டாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நின்றால் தொண்டை கட்டிவிடும், மூன்றையும் ஒரே மூச்சாகப் பாடிவிடுகிறேன் என்றார். பாடினார். அன்றைக்கு அவர் பாடியதை விவரிக்க நான் பலமுறை முயன்று விட்டுவிட்டேன். மூன்றாவது பாட்டின் கடைசி வரியில் மேலே போய் நின்றவர், நாங்கள் கணக்குப் போட்டிருந்ததைவிட இரண்டு மடங்கு நேரம் அங்கேயே நின்றார். முடித்துவிட்டு அவர் வெளியே வந்தபோது முகமெல்லாம் வேர்வை. பின்னாலேயே வந்த என் நண்பனின் கண் கலங்கியிருந்தது. மணி பதினொன்று நாற்பது.

போட்டுக் காட்டுங்க தம்பி என்றார் டீச்சர். போட்டேன். தபலா கேட்டது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தபலா. குரல் இல்லை.

என் கண் அந்தச் சின்னக் கட்டத்துக்குப் போனது. பார்த்த அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் இதை எத்தனை விதமாக எனக்குச் சொல்லிப் பார்த்தாலும் இந்த இடத்தை மாற்ற முடியவில்லை. குழம்பிப்போய்ச் சொல்லவில்லை. தெரிந்துதான் சொன்னேன்.

"உன் ப்ரோக்ராம் சவுண்ட் கார்டைப் புடிச்சுக்கிச்சுடா" என்றேன். "மைக் உள்ளயே வரல."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "காலையில நான் மாத்தித் திறந்துட்டேனா மாப்ள?"

பார்த்துத் திறந்திருக்க வேண்டாமா என்றேன்.

கரண்ட் போக இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. கட்டத்தில் ஒரு க்ளிக் செய்திருந்தால், டீச்சரைக் கையோடு உள்ளே அனுப்பியிருந்தால், ஒரு பாட்டாவது கிடைத்திருக்கும். இரண்டுகூடக் கிடைத்திருக்கலாம். ஆனால் நான் சொன்ன பொய்க்கு அது சரிப்படாது. ரெண்டையும் மூடிட்டு மொதல்ல இருந்து திறக்கிறேன் என்று அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் எழுந்து இடம் கொடுத்தேன். அவன் தன் ப்ரோக்ராமை மூடினான், என்னுடையதை மூடினான், எதற்கும் இருக்கட்டும் என்று மெஷினையே அணைத்துப் போட்டான். அந்தக் கால மெஷின் முழித்து வருவதற்கே ஐந்து நிமிஷம். பிறகு என்னுடையது, பிறகு அவனுடையது, ஒவ்வொன்றும் தாளங்களை ஏற்றிக்கொண்டு மெதுவாகத் திறந்தன. நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் திறந்ததும், நீ போய் உள்ளே நில்லு என்று அவனை அனுப்பிவிட்டு அந்தக் கட்டத்தை மாற்றினேன். பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம் இருந்தது. டீச்சர் பாட ஆரம்பித்தார். உடம்பு ஆறிப்போயிருந்தது. பல்லவியில் ஒருமுறை தொண்டையைச் செருமினார், மறுபடி எடுத்தார். இரண்டாவது வரியில் கரண்ட் போய்விட்டது. சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிஷம் முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். சேமிக்காதது எல்லாம் போயிற்று.

மாடி வராந்தாவில் உட்கார்ந்தோம். சாயங்காலம் வரைக்கும் இருந்து பாடிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு ஆராதனை முடிந்ததும் வாருங்கள் என்று என் நண்பன் கெஞ்சினான். அப்போதுதான் டீச்சர் சொன்னார். கழுத்தில் கட்டி, தைராய்டு. நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு குரல் மாறினாலும் மாறலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். இன்றைக்குச் சாயங்காலமே போய் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வேண்டும்.

"என்னாலதான் டீச்சர்" என்றான் என் நண்பன்.

"மெஷின்தான தம்பி" என்றார் அவர். "கர்த்தருக்குச் சித்தமிருந்தா வந்து பாடுறேன்."

எனக்கு எதிரேதான் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறக்க எனக்கு அதைவிட நல்ல நேரம் வாழ்க்கையில் வாய்த்திருக்காது. மூன்று மணிக்கு அவர் வீட்டுக்காரர் மொபெட்டில் வந்து கூட்டிப்போகும் வரைக்கும் நான் கரண்ட் எப்போது வரும் என்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து டீச்சர் வந்தார். கழுத்தில் தழும்பை மறைத்து மெல்லிய பாசி மாலை. பேசும்போது குரல் கரகரத்தது, வாக்கியத்தின் முடிவில் மூச்சு தீர்ந்துவிட்டது. பாட்டின் சுருதியை நாலு கட்டை இறக்கிக்கொடுத்தேன். மிடி தகவலாக இருந்ததால் என் பகுதி ஒரு நிமிஷத்தில் இறங்கிவிட்டது. அந்தப் பாட்டு அத்தனை கீழே நன்றாக இல்லை. டீச்சர் ஒரு சரணம் பாடினார், ஹெட்ஃபோனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினார். சபையில் நன்றாகப் பாடுகிற ஒரு பெண் இருக்கிறாள், அவளை அனுப்புகிறேன், அவள் பாடட்டும் என்றார். அந்தப் பெண் வந்து பாடினாள். பிழையில்லாமல் பாடினாள். அந்த அரைக்கணத் தாமதத்தை அவளுக்குப் பாட வரவில்லை என்று தாளத்தை நேராக்கச் சொன்னேன். நண்பன் மறுபேச்சுப் பேசாமல் நேராக்கிக் கொடுத்தான். கேசட் வந்தது.

அதற்குப் பிறகு அவன் பழைய ஆளாக இல்லை. எதை முதலில் திறக்க வேண்டும், எதை இரண்டாவது என்று ஓர் அட்டையில் எழுதி மானிட்டர்மேல் ஒட்டினான். திறந்துவிட்டு மூடுவான், மறுபடி திறப்பான். பாடுகிறவர்கள் காத்திருந்து சலித்துக்கொள்வார்கள். மைக் அறைக்குள் நிற்க மாட்டேன் என்றான். ஆறேழு மாதத்தில் மாமா கடைக்குப் போகிறேன் என்று சொன்னான். ஏன் என்று நான் கேட்கவில்லை. தினமும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரிதம் பேடுகளைத் துணியில் கட்டி ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். "வாரேன் மாப்ள" என்றான்.

ஆறு ஏழு வருஷம் ஓடிவிட்டது. தாளமும் குரலும் எல்லாமும் ஒரே ப்ரோக்ராமில் வந்துவிட்டது. நான் ஸ்டுடியோவை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தேன். ஒரு கல்யாணக் கச்சேரிக்காகத் திருமங்கலம் போனபோது பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். கடைகளுக்குச் சேலை போட்டுவிட்டு மதுரை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். உடம்பு போட்டிருந்தது. டீக்கடைக்குப் போனோம். இன்னும் ரெண்டு ப்ரோக்ராமைக் கட்டிப் போட்டுத்தான் ஓட்டுகிறாயா என்று கேட்டான். இல்லை என்றேன். குழந்தைகளைப் பற்றிப் பேசினோம். பிறகு அவனாகவே டீச்சர் பேச்சை எடுத்தான். ஆபரேஷன் முடிந்த மறுநாள் அவன் ஆஸ்பத்திரிக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறான். எனக்கு அது தெரியாது. இப்போதும் கடையைப் பூட்டினால் நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறான். சில நாள் தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்புகிறான். வீட்டில் கேலி செய்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அன்னைக்கு எதை மொதல்ல திறந்தேன்னு எம்புட்டு யோசிச்சும் ஞாபகம் வர மாட்டேங்குது மாப்ள என்றான்.

நான் சொல்லிவிட்டேன். கட்டத்தைப் பற்றி, தடத்தை நகல் எடுத்ததைப் பற்றி, அவனை உள்ளே அனுப்பிவிட்டு மாற்றியதைப் பற்றி எல்லாம். நீ சரியாகத்தான் திறந்திருந்தாய் என்றேன்.

கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அப்ப நான் மூடி மூடித் திறந்துட்டு இருந்தப்ப, நீ பின்னால நின்னு சும்மா பாத்துட்டு இருந்தியா?"

"ஆமா" என்றேன்.

டீ பாதி இருந்தது. கிளாஸைப் பெஞ்சில் வைத்தான். மதுரை பஸ் வந்து நின்றது. "டீச்சர்ட்டயாவது போய்ச் சொல்லிரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் ஏறிக்கொண்டான். ஜன்னலோரம்தான் இடம் கிடைத்தது அவனுக்கு. திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கே போயிருக்கலாம். டீச்சர் வீடு அங்கேயிருந்து நடக்கிற தூரம். கச்சேரியைச் சாக்காக வைத்துக்கொண்டு போகவில்லை. மூன்று வாரம் கழித்துப் போனேன். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய் வந்த சேலையோடு இருந்தார். குரல் முன்பைவிடத் தேறியிருந்தது, ஆனால் தடித்த குரல், வேறு யாரோ பேசுகிற மாதிரி. காபி கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். வீட்டுக்காரரும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் என்னைத் திட்டவும் இல்லை, மன்னித்துவிட்டேன் என்று சொல்லவும் இல்லை. என் நண்பன் ஆஸ்பத்திரிக்கு வந்ததைப் பற்றிச் சொன்னார். அப்போது அவரால் பேச முடியாது. பரவாயில்லை என்று ஒரு தாளில் எழுதிக் காட்டியிருக்கிறார். எழுதினாலும் மனதுக்குள் அவன்மேல் வருத்தம் இருந்திருக்கிறது. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் பாட்டுக்குத் தாளம் கட்ட அவனைக் கூப்பிடலாமா என்று பாடகர் குழுவில் கேட்டபோது, வேண்டாம், கவனம் இல்லாத பையன் என்று சொல்லியிருக்கிறார். பக்கத்து ஊர் சபைக்காரர்கள் விசாரித்தபோதும் அதையே சொல்லியிருக்கிறார்.

"ஒரு வார்த்தைதான் சொன்னேன்" என்றார். "அதை இப்ப நான் எங்க கொண்டுபோய் வைக்கட்டும், சொல்லுங்க."

என் பொய்யை நான் ஒருத்தன்தான் சுமந்துகொண்டிருக்கிறேன் என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன். அதில் ஒரு பெருமைகூட இருந்திருக்கும் போல. அவர் கையிலும் அதில் ஒரு பங்கைக் கொடுத்து வைத்திருந்தேன், அவருக்கே தெரியாமல். அவன் கடை முகவரியைக் கேட்டார். சொன்னேன். கணக்கு நோட்டில் எழுதுகிற மாதிரி அழகாக எழுதிக்கொண்டார். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். பார்த்துப் போங்க தம்பி என்றார். பழகிய வழக்கத்தில் வந்த சொல் அது.

நான் அவனுக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. ஒரு கடிதமும் எழுதிப் போட்டேன்.

ஒரு மாதம் போல ஆனபிறகு டீச்சரின் வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். இரண்டு பேருமாக மதுரை வந்து அவன் கடைக்குப் போயிருக்கிறார்கள். முதலில் அவன் அடையாளம் தெரியாமல் சேலை எடுத்துப் போட்டிருக்கிறான். பிறகு டீச்சர் பேசிய குரலைக் கேட்டு எழுந்து நின்றுவிட்டான். கல்லாவில் மாமாவை உட்காரச் சொல்லிவிட்டு, அவர்களை உள்ளே கூட்டிப்போய், சேலைக் கட்டுகளுக்கு நடுவில் பாய் விரித்து உட்காரவைத்துப் பேசியிருக்கிறான். டீச்சரும் அவனும் அரைமணி நேரத்துக்குமேல் பேசினார்களாம். வீட்டுக்காரர் வெளியே வந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என்னைப் பற்றி ஏதாவது கேட்டானா என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லை தம்பி என்றார்.